வட்டத்துக்குள் பேசியவர்கள்: ஒரு சின்னக் கல்லூரியின் ஆட்டக் குழுக்களும் 'குரல்' என்கிற உருவகமும்

விளையாட்டின் வரலாறு என்று நம் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வென்றவர்களின் ஜாபிதா. பெரிய கல்லூரி, பெரிய மைதானம், பெரிய பணம் என்றால் தனிப் புத்தகமே உண்டு. சின்னக் கல்லூரியின் ஆட்டக் குழு அந்தப் புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே நுழைய முடியும். அதுவும் பெரியவர்களுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போயிருந்தால்தான். என்ன கொடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். யாருக்கு எதிராக, எந்த நெருக்கடியில், எந்த மொழியில் அதைச் செய்தார்கள் என்பது அந்த வரியில் இருக்காது. இருந்தால் அது அடிக்குறிப்பாக அடங்கி நிற்காது. மேலே இருக்கிற பத்தியைக் கலைத்துவிடும்.

இப்படி அடங்கிப்போன ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் சேர்த்து, தலைகுனிந்து, வட்டமாக நிற்கிறார்களே, 'ஹடில்' என்று சொல்கிறார்களே, அதை ஆரம்பித்தது காதுகேளாதோர் கல்லூரி ஒன்றின் குழு. அவ்வளவுதான் வரி. குவார்ட்டர்பேக் பெயர் பால் ஹப்பர்ட். வருஷம் 1894 என்று பெரும்பாலோரும், 1892 என்று சிலரும் எழுதுகிறார்கள். வினாடி வினாக்காரர்களுக்கு இது போதும். நமக்குப் போதாது.

கல்லூரியின் பெயர் காலடெட். வாஷிங்டன் நகரின் வடகிழக்கில் கெண்டல் கிரீன் என்கிற இடத்தில் இருக்கிறது. அமோஸ் கெண்டல் என்பவர் கொடுத்த நிலத்தில் 1857இல் ஒரு பள்ளியாக ஆரம்பித்தது. 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை வந்தது. உள்நாட்டுப் போர் முடியாத வருஷம் அது. முதலில் 'தேசிய ஊமைச் செவிடர் கல்லூரி' என்கிற அர்த்தத்தில்தான் பெயர் இருந்தது, 1894இல் காலடெட் கல்லூரி ஆனது, 1986இல் பல்கலைக்கழகம். இன்றைக்கும் இரண்டாயிரம் மாணவர்களைத் தொடாத இடம். அங்கே கால்பந்து 1883இல் தொடங்குகிறது.

இந்த 1883ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1880இல், மிலான் நகரில் காதுகேளாதோர் கல்வி குறித்த சர்வதேச மாநாடு ஒன்று கூடியது. சைகையை வகுப்பறையிலிருந்து வெளியேற்ற வேண்டும், குழந்தைகளை உதட்டசைவைப் படிக்க வைத்து வாயால் பேசப் பழக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். ஜேம்ஸ் டெனிசன் என்கிற அவர் கெண்டல் கிரீன் பள்ளியின் முதல்வர். கல்லூரித் தலைவரான எட்வர்ட் மைனர் காலடெட்டும் அங்கே போய் எதிர்த்துப் பார்த்தார். அமெரிக்கப் பிரதிநிதிகளின் எதிர்ப்பு எடுபடவில்லை. ஐரோப்பாவிலும் பிறகு அமெரிக்காவிலும் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளின் கைகளைக் கட்டிப்போடும் காலம் தொடங்குகிறது. இதை உருவகமாகச் சொல்லவில்லை. மேசைமேல் அசையாமல் வை என்பதும், அசைத்தால் அடி என்பதும் அந்தக் காலத்துப் பள்ளிக்கூட நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

1883லேயே இன்னொன்றும் நடக்கிறது. தொலைபேசிக்காரர் அலெக்சாண்டர் கிரகாம் பெல், காதுகேளாதோர் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்வதால் மனித இனத்தில் 'செவிட்டு வகை' ஒன்று உருவாகிவிடும் என்கிற அச்சத்தோடு தேசிய அறிவியல் கழகத்தின் முன்னால் ஒரு கட்டுரை படிக்கிறார். அவருக்கு ஆபத்தாகத் தெரிந்தவை எவை? விடுதிப் பள்ளிகள், சங்கங்கள், பழைய மாணவர் கூடுகைகள், அவர்களே நடத்திய பத்திரிகைகள், முக்கியமாக அவர்களுடைய சைகைமொழி. சுருக்கமாகச் சொன்னால் அவர்கள் ஒன்றுகூடுவது. ஒன்றுகூடுவதே நோய் என்று ஒரு விஞ்ஞானி நிறுவிக்கொண்டிருந்த அதே வருஷத்தில் பதினோரு காதுகேளாத இளைஞர்கள் மைதானத்தில் குழுவாக இறங்குகிறார்கள். விளையாட்டு வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. ஒன்று விளையாட்டு, மற்றது மருத்துவம், கல்வி என்று அறிவுத்துறைகள் பாகப்பிரிவினை செய்துகொண்டுவிட்டன. வாசகன்தான் வேலியைத் தாண்டிப்போய்ச் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது வட்டத்துக்கு வருவோம்.

கால்பந்து என்று பெயரே தவிர, அந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். சில வினாடி ஓட்டம், மோதல், நிறுத்தம்; மறுபடி ஓட்டம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்து என்ன என்பதைக் குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குத் தெரிவிக்கணும். அந்தக் காலத்தில் கேட்கும் கல்லூரிகளில் அவர் கோட்டருகே நின்று சங்கேத எண்களைக் கத்துவார். காலடெட்டில் கையால் சொல்வார். ஹப்பர்ட் தன் ஆட்களை வட்டமாகக் கூட்டி, நடுவில் கையைத் தாழ்த்தி, வெளியே தெரியாதபடி சொன்னார். இதுதான் நடந்தது.

இதைச் சொல்கிற வழக்கமான தொனி நமக்கு நன்றாகத் தெரியும். பாவம், காது கேட்காது. கத்திச் சொல்ல முடியாது. அதனால் வட்டம் போட்டார்கள். பாருங்கள், குறையிலிருந்தே ஒரு நிறை பிறந்துவிட்டது! உற்சாகமூட்டும் பேச்சாளர்களுக்கு அல்வா மாதிரியான கதை. ஆனால் பிரதியைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் இந்தத் தர்க்கம் நிற்காது. கேட்கும் கல்லூரியோடு ஆடுகிறபோது சைகையை மறைக்க வேண்டிய அவசியமே கிடையாது. நட்டநடு மைதானத்தில் நின்றுகொண்டு, கையை உயர்த்தி, 'இடதுபுறம் போகிறோம், நீ தடு, நீ ஓடு' என்று விளக்கமாகவே சொல்லலாம். எதிரே நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் விளங்காது. அங்கே குறைப்பட்டவன் கேட்கிறவன்தான். வட்டம் தேவைப்பட்டது எப்போது என்றால், எதிர்க்குழுவும் காதுகேளாதோர் குழுவாக இருந்தபோது. அவர்களுக்குக் கண் இருந்தது, அந்தக் கண்ணுக்கு இந்த மொழி தெரிந்திருந்தது.

ஆக, வட்டத்தின் காரணம் காது கேளாமை அல்ல. எதிராளிக்குப் புரிந்துவிடும் என்பதுதான் காரணம். மிலானில் கூடியவர்கள் சைகையை மொழி என்று ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் உடலசைவு, குரங்குச் சேட்டை, பேச்சு வருகிறவரைக்கும் ஊன்றுகோல் என்று பலவிதமாகச் சொன்னார்கள். வெறும் உடலசைவை யாராவது ஒளித்துவைப்பார்களா? ஒட்டுக்கேட்க முடிவது மொழியை மட்டும்தான். வாஷிங்டனில் ஒரு மைதானத்தில் பத்துப் பதினைந்து வினாடி குனிந்து நின்ற அந்த இளைஞர்கள், மாநாட்டுத் தீர்மானத்துக்கு யாரும் கேட்காமலேயே ஒரு மறுப்பு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த ஆட்டத்தை ஜெயிக்கணும் என்பதுதான் அவர்கள் நினைப்பாக இருந்திருக்கும். பிரதி தன்னை எழுதியவரைவிட அதிகம் சொல்லும் என்பது நம் பக்கங்களில் பழகிப்போன விஷயம்தானே.

படிப்பாளிகள் உலகம் இதே முடிவுக்கு வந்துசேர அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வில்லியம் ஸ்டோகோ காலடெட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க 1955இல் வந்தவர், காது கேட்பவர். வகுப்பில் மாணவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அதில் இலக்கணம் இருப்பது புலப்பட்டது. கைவடிவம், இடம், அசைவு என்று கூறுகளாகப் பிரித்து 1960இல் 'சைன் லாங்வேஜ் ஸ்ட்ரக்சர்' என்று சின்ன நூல் ஒன்றை வெளியிட்டார். 1965இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து அகராதியும் போட்டார். சொந்தக் கல்லூரியிலேயே பலர் சிரித்தார்கள். அந்த மாணவர்களின் தாத்தாக்கள் மைதானத்தில் முன்பே தெரிந்துவைத்திருந்த சங்கதி அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹடிலை 'முதலில்' கண்டுபிடித்தது யார் என்கிற வழக்கில் வாதிகள் பலர். சிக்காகோ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஸ்டாக் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. இல்லினாய் பயிற்சியாளர் ஸுப்கே பெயரும் அடிபடுகிறது. பெரிய கல்லூரிகளில் அது வழக்கமாக நிலைத்தது 1920களில். பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கவும் கூடும்; வட்டமாகக் கூடி ரகசியம் பேசுவதற்கு யாரும் காப்புரிமை வாங்க வேண்டியதில்லை. ஆனால் எதற்காக இந்த 'முதல்' சண்டை? ஒரு சின்னக் கல்லூரியின் ஆட்டக் குழு வரலாற்றுக்குள் நுழைய வேண்டுமானால் நுழைவுச்சீட்டில் 'முதன்முதலாக' என்று முத்திரை இருந்தாக வேண்டியிருக்கிறது. மூலத்தைத் தேடும் இந்த வெறி வரலாறெழுதியலின் பழைய வியாதி. ஹப்பர்ட் முதலாமவராக இல்லாமல் மூன்றாமவராக இருந்திருந்தால் கெண்டல் கிரீன் வட்டத்தின் அர்த்தம் குறைந்துபோகுமா? சிக்காகோவின் வட்டமும் காலடெட்டின் வட்டமும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். ஒன்று கூட்டத்தின் இரைச்சலிலிருந்து குரலைக் காப்பாற்றுகிறது. மற்றது மொழி தெரிந்த கண்ணிலிருந்து மொழியைக் காப்பாற்றுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் அடிக்குறிப்பு தின்றுவிடுகிறது.

ஹப்பர்ட் அப்புறம் கான்சாஸ் மாநிலத்தில் ஒலேத்தா ஊரின் காதுகேளாதோர் பள்ளிக்கு ஆசிரியராகப் போய் அங்கே கால்பந்தைத் தொடங்கிவைத்தார். அதே பள்ளியில் படித்த லூதர் டெய்லர் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் குழுவில் பந்து வீசினார். 1904இல் மட்டும் 21 ஆட்டங்களை ஜெயித்துக்கொடுத்தார். பத்திரிகைகளில் அவர் பெயர் 'டம்மி' டெய்லர். அவருக்கு முன்பே 1888இலிருந்து 1902வரை பெரிய லீக்குகளில் ஆடிய வில்லியம் ஹோய்க்கும் அதே பட்டம்: 'டம்மி' ஹோய். ஊமை என்பதையே முன்பெயராக்கிக் கூப்பிட்டது அன்றைய அமெரிக்கா. ஹோய் காலடெட்டில் படித்தவர் இல்லை, ஒஹையோ பள்ளிக்காரர். ஆனாலும் காலடெட்டின் பேஸ்பால் மைதானத்துக்கு இன்று அவர் பெயர். 

ஹப்பர்ட் வட்டம் போட்ட அதே வருஷங்களில் அதே வளாகத்தில் இன்னொரு வட்டமும் இருந்தது. பெண்களை அந்தக் கல்லூரி 1887இல்தான், பரிசோதனை என்கிற பெயரில், சேர்த்துக்கொண்டது. ஆண் மாணவர்களின் இலக்கியச் சங்கத்தில் அவர்களுக்கு உறுப்பினர் உரிமை இல்லை. 1892இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து; சேர்த்துப் படித்தால் 'ஆந்தைகள்' என்று வரும். விரிவு என்ன என்பதை வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள். அதன் முதல் தலைவி அகதா டீகல் 1893இல் பட்டம் வாங்கியபோது ஆற்றிய உரை பெண்களின் அறிவுத்திறன் பற்றியது. ஆண்களுடைய வட்டம் உலக விளையாட்டின் சொத்தாகிவிட்டது. பெண்களுடைய வட்டம் காலடெட் பழைய மாணவிகளுக்கு மட்டும் தெரிந்த சங்கதியாக நின்றுவிட்டது. அடிக்குறிப்புக்கும் அடிக்குறிப்பு உண்டு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நூறு வருஷம் தாண்டி வந்தாலும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. 1990களின் நடுவில் காலடெட்டின் கால்பந்துக் குழு அதிகாரப்பூர்வமான பல்கலைக்கழகப் போட்டியிலிருந்து இறங்கி வெறும் கிளப்பாக ஆடிக்கொண்டிருந்தது. 2007இல்தான் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் கல்லூரியின் பெயரைத் தூக்கிப்பிடித்தது பெண்களின் கூடைப்பந்துக் குழு. 1999இல் மூன்றாம் பிரிவுத் தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு குழுக்களில் ஒன்றாக நின்றார்கள். ரோண்டா ஜோ மில்லர் என்கிற ஆட்டக்காரி கூடைப்பந்து, கைப்பந்து இரண்டிலும் தேச அளவில் பேசப்பட்டவர். இவர்களுடைய 1999-2000 பருவத்தைக் கூடவே இருந்து பார்த்து வெய்ன் காஃபி என்கிற விளையாட்டுப் பத்திரிகையாளர் 2002இல் புத்தகம் எழுதினார். அக்கறையான புத்தகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தலைப்பைப் பாருங்கள்: 'வின்னிங் சவுண்ட்ஸ் லைக் திஸ்'. வெற்றியின் ஓசை இப்படித்தான் இருக்கும் என்று அர்த்தம். காது கேளாத பெண்களின் வெற்றியைக்கூட ஓசையாக மாற்றித்தான் கேட்கும் வாசகனிடம் விற்க வேண்டியிருக்கிறது. அனுதாபமான எழுத்துக்குள்ளும் ஒலிமையவாதம் தலைப்பு வழியாக நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனால் காலடெட்டை ஒரு புனித விளிம்பாக நிறுவிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் 1943க்குப் போகணும். அந்த வருஷம் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்துக் குழு மேசன்-டிக்சன் கூட்டமைப்பின் போட்டியில் கோப்பையை வென்றது. எதிரே ஆடியவை கேட்கும் கல்லூரிகள். யாரும் எதிர்பார்க்காத வெற்றி. மாற்று ஆட்களைச் சார்ந்திருக்காமல் ஐந்தே பேர் மூச்சிரைக்க ஆடி முடித்தார்கள். 'ஐந்து இரும்பு மனிதர்கள்' என்று கல்லூரி வரலாறு அவர்களைக் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கூட்டமைப்பின் பெயர் மேசன்-டிக்சன். பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவே கிழிக்கப்பட்ட எல்லைக்கோடு. அடிமைமுறை இருந்த மாநிலங்களையும் இல்லாத மாநிலங்களையும் பிரிக்கும் கோடாக அரசியலில் பெயர்வாங்கியது. அந்தக் கோட்டின் பெயரில் ஆடிய இரும்பு மனிதர்களின் வளாகத்தில் கருப்பினத்தவரின் இடம் என்ன?

1905இல், வெள்ளைப் பெற்றோர்களின் புகாரைத் தொடர்ந்து, கெண்டல் பள்ளியிலிருந்த கருப்பினக் குழந்தைகள் வாஷிங்டனுக்கு வெளியே, மேரிலாந்தில் இருந்த தனிப்பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். தலைநகரின் காதுகேளாத கருப்பினக் குழந்தை ஒன்று தன் ஊரில் படிக்க முடியாது என்பதுதான் அரை நூற்றாண்டு நிலைமை. லூயிஸ் மில்லர் என்கிற தாய் வழக்குப் போட்டார். 1952இல் தீர்ப்பு அவர் பக்கம். உடனே சேர்த்துக்கொண்டார்களா என்றால் இல்லை. அதே வளாகத்தில் 'நீக்ரோக்களுக்கான இரண்டாம் பிரிவு' என்று தனிக் கட்டடம் கட்டினார்கள். நிறப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்கிற 1954ஆம் வருஷத் தீர்ப்புக்குப் பிறகுதான் அது மூடப்பட்டது. காலடெட்டில் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவராக அறியப்படும் ஆண்ட்ரூ ஃபாஸ்டர் பட்டம் வாங்கியதும் 1954இல்தான். அவர் பிறகு ஆப்பிரிக்காவில் காதுகேளாதோருக்காக முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தொடங்கினார். அந்த இரண்டாம் பிரிவில் படித்த 24 பேருக்குக் கல்லூரி முறைப்படி பள்ளிச் சான்றிதழ் கொடுத்து மன்னிப்புக் கேட்டது 2023 ஜூலையில். எழுபது வருஷம். அதற்குள் பலர் செத்துப்போயிருந்தார்கள். சான்றிதழைப் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, வட்டம் என்பது உள்ளே இருக்கிறவர்களுக்கு அடைக்கலம். வெளியே நிற்கிறவர்களுக்கு முதுகு. டிரினிடாடில் எந்த நிறத்தான் எந்த கிரிக்கெட் கிளப்பில் சேரலாம் என்பது எழுதாத சட்டமாக இருந்ததைச் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வந்த தன் 'பியாண்ட் எ பவுண்டரி'யில் விரிவாகப் பேசுகிறார். ஆட்டக் குழு எப்போதுமே யாரோ சிலரைச் சேர்த்து வேறு சிலரைத் தள்ளித்தான் உருவாகிறது. ஒடுக்கப்பட்டவர்களின் குழு என்றால் இந்த விதியிலிருந்து அதற்கு விலக்கு உண்டு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம்மூர் உதாரணங்கள் வேண்டுமா என்ன?

மௌனம் பற்றியும் ஒன்று சொல்லணும். காதுகேளாதோரின் உலகம் நிசப்தமானது என்பது கேட்கிறவனின் கற்பனை. காலடெட் கால்பந்துக் குழு நீண்ட காலம் மைதான ஓரத்தில் ஒரு பெரிய முரசை வைத்திருந்தது. பந்தை எடுக்கும் நேரத்தை அந்த முரசின் அடிதான் சொல்லும். காதால் அல்ல, நெஞ்செலும்பிலும் உள்ளங்காலிலும் அதிர்வாக ஏறும் அடி. கல்லூரியின் ஆட்டப்பாட்டு 'பைசன் சாங்' சைகையில் பாடப்படுவது. ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்கிற தாளக்கட்டில் கைகள் அடிக்கும். பறையடிக்கிற ஊரில் பிறந்த நமக்கு இது அந்நியமில்லை. பறை காதுக்கு மட்டும் அடிக்கப்படுவதல்ல என்பது அதன் பக்கத்தில் நின்ற எவனுக்கும் தெரியும். மாறாக நம் கபடியை யோசித்துப் பாருங்கள். மூச்சை அளக்கக் குரலை அளவுகோலாக வைத்த ஆட்டம் அது. 'கபடி கபடி' என்பது நடுவரின் காதில் விழாமல் போனால் ஆட்டக்காரன் வெளியே. மூச்சு இருக்கிறதா என்பதை நிரூபிக்கக் குரல் வேண்டும் என்கிற இந்த விதியைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய மொழியே இந்த விதியின்மேல் கட்டப்பட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறோம். ஊமை கண்ட கனா என்கிறோம். இதெல்லாம் பழமொழி, பாமரர் வழக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் கோட்பாடு பேசுகிற நம் பக்கங்கள் என்ன செய்கின்றன? 'குரலற்றவர்களின் குரல்', 'மௌனம் உடைத்தல்', 'இதுவரை பேசாதவர்கள் பேசத்தொடங்கிவிட்டார்கள்'. இந்தச் சொற்றொடர்கள் இல்லாமல் முப்பது வருஷமாக ஒரு சிறப்பிதழும் வந்ததில்லை. ஸ்பிவாக்கின் புகழ்பெற்ற கேள்வியை, விளிம்புநிலையினர் பேச முடியுமா என்பதை, எத்தனை பேர் எத்தனை விதமாக மேற்கோள் காட்டியிருப்போம்! அந்தக் கட்டுரை நூலில் அச்சானது 1988இல். 1967லேயே தெரிதா பேச்சை எழுத்துக்கு மேலாக வைக்கும் மேலைத் தத்துவ மரபைக் கட்டவிழ்த்தார். நாமும் அதைத் தமிழில் மாங்குமாங்கென்று எழுதினோம். எழுதி முடித்த கையோடு அடுத்த பத்தியில் 'தலித் குரல்', 'பெண் குரல்' என்று போட்டோம். குரல் என்பது அரசியலுக்கே மறுபெயராகிவிட்டபோது, குரல் இல்லாமலேயே முழுமையான மொழியும் அரசியலும் கொண்ட ஒரு சமூகத்துக்கு அந்தச் சொல்லாடலில் எங்கே இடம்?

அதே 1988 மார்ச்சில் காலடெட்டில் நடந்தது இந்தக் கேள்விக்கு நேரான பதில். 124 வருஷ வரலாற்றில் ஒருமுறைகூடக் காதுகேளாத ஒருவர் கல்லூரித் தலைவரானதில்லை. மீண்டும் ஒரு கேட்பவரை, சைகைமொழி தெரியாதவரை, நியமித்தது நிர்வாகக் குழு. மாணவர்கள் வாயிற்கதவுகளை மறித்து ஒரு வாரம் கல்லூரியை நிறுத்தினார்கள். நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். கடைசியில் ஐ. கிங் ஜோர்டன் முதல் காதுகேளாத தலைவரானார். இதற்கு முன்னோட்டமாக மார்ச் 1ஆம் தேதி நடந்த பேரணி எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? கால்பந்து மைதானத்திலிருந்து. எல்லோரும் எல்லோருடைய கைகளையும் பார்க்கக்கூடிய திறந்த வெளி வளாகத்தில் வேறு எது? ஹப்பர்ட் காலத்தில் கையை மறைக்கக் குனிந்த ஆட்டம். இங்கே தூரத்தில் நிற்கிறவனுக்கும் தெரியும்படி உயர்த்திய கைகள். இந்தப் போராட்டத்தைப் பற்றிய செய்திகளில் 'மௌனம் உடைந்தது' என்று எழுதியவர்களும் உண்டு. உடைய அங்கே மௌனம் இருந்ததா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். ஊமைத்துரை. 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் எழுப்பி, கும்பினிப் படையைத் திருப்பி அடித்தவர். அந்த வருஷம் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் வரிசையாக வைத்து இதுதான் வெள்ளையர் படை என்று காட்டுவார். மறுகையால் ஒரே வீச்சில் துடைத்தெறிவார். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. ஒரு போர்த்திட்டம் முழுவதும் ஓர் உள்ளங்கைக்குள். எதிரியின் குறிப்பில் இருக்கிற இந்தக் காட்சி நம் ஊமைத்துரைக் கதையாடல்களில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? வசனம் பேசும் அண்ணனை வைத்துக்கொண்டு நூறு நாடகம் போட்டோம், சினிமா எடுத்தோம். வீரம் என்றாலே அடுக்குமொழி என்று ஆகிவிட்ட திராவிட மேடைப் பண்பாட்டில் உள்ளங்கை வைக்கோலுக்கு என்ன வசனம் எழுதுவது? பெயரில் அவருடைய ஊமையை வைத்துக்கொண்டோம். கையை மறந்துவிட்டோம்.

கடைசியாக அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று. 2013இல் காலடெட் கால்பந்துக் குழு தன் கூட்டமைப்பின் கோப்பையை வென்று, முதன்முறையாக மூன்றாம் பிரிவுத் தேசியச் சுற்றுக்குப் போனது. உலகச் செய்தியில் அது பெரிதாக வரவில்லை. வந்தது 2023 அக்டோபரில். பெரிய தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யும் கல்லூரியும் சேர்ந்து செய்த தலைக்கவசம் ஒன்றை அணிந்து குவார்ட்டர்பேக் ஆடினார். பயிற்சியாளர் கையடக்கக் கணினியில் தேர்ந்தெடுக்கும் நகர்வு, கவசத்துக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியில் அவருக்குத் தெரியும். தொழில்நுட்பம் குறையைப் போக்கிவிட்டது என்று எல்லா ஊர்ப் பத்திரிகைகளும் எழுதின. பெல்லின் தொலைபேசியிலிருந்து வளர்ந்த கும்பினி, பெல்லுக்கு ஆபத்தாகத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கவசம் செய்துகொடுக்கிறது. இந்த வரலாற்றுக் குசும்பைச் சுட்டிக்காட்டியவர்கள் குறைவு.

அதே அக்டோபரில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வேறொரு பெரிய புயல் அடித்துக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, எதிர்க்குழுக்கள் மைதான ஓரத்திலிருந்து காட்டும் கைச்சைகைகளை ஆள்வைத்துப் படம்பிடித்துத் திருடுகிறது என்கிற குற்றச்சாட்டு. விசாரணை, பயிற்சியாளருக்கு மூன்று ஆட்டத் தடை என்று அமர்க்களம். லட்சம் பேர் கத்தும் அரங்கங்களில் கேட்கும் கல்லூரிகள் எல்லாமே சைகையில்தான் பேசிக்கொண்டிருந்தன, அந்தச் சைகைகள் படிக்கப்பட்டுவிடும் என்று பயந்துகொண்டும் இருந்தன. ஹப்பர்டின் பிரச்சினை 129 வருஷம் கழித்து அவர்களை வந்தடைந்திருந்தது. 2024இலிருந்து பெரிய கல்லூரிகள் கவசத்துக்குள் வானொலி வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. காலடெட்டின் கண்ணாடியையும் மிச்சிகன்களின் வானொலியையும் ஒன்றுபோலப் பேச நமக்கு இன்னும் வாய் வரவில்லை. முன்னது உதவிச் சாதனம், பின்னது தொழில்நுட்பம். காலடெட்டின் குவார்ட்டர்பேக் கண்ணாடியில் படித்ததை மற்றப் பத்துப் பேருக்கும் கையால்தான் சொல்லியாக வேண்டும். எதிரே நிற்பது கேட்கும் கல்லூரி என்றால் அவர் குனிய வேண்டிய அவசியம் இன்றைக்கும் இல்லை.